மத்தியானம் வேர்க்குமோ என்று கேட்டவர்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு வைத்த பிரியாவிடைக் கூட்டத்தில் உங்கள் முன்னால் எழும்பி நின்றேன். மனேஜர் என்னைப் பற்றி நல்லதாகச் சில வார்த்தைகள் சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் தண்ணீர் குடித்தேன். பிறகு கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்கு நான் ஆற்றிய உரை அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு முன்னால் கதைக்க எனக்கு ஏலாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஆனாலும் எழுத வரும், மெதுவாக. அதனால் சொல்ல நினைத்ததை எழுதித் தருகிறேன். வைன் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

எப்படி ஊற்றுவது, எந்தக் கிளாஸ், துணியை எந்தக் கையில் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பிக்க ஆள் இருக்கிறது. நான் அதற்குள் போகவில்லை. உங்களில் ஒரு தங்கச்சி கேட்டாவே, "அண்ணை, பிரான்சிலை குடிச்சதிலை எது திறம்?" என்று. திறமானதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வாய் கொள்ளாமல் சட்டையில் ஊற்றிக்கொண்ட ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் ஏன் அவ்வளவு தூரம் போனோம் என்று தெரிய வேண்டும். அந்த வருடம் ஹோட்டல் கை மாறியது. புது முதலாளி கொழும்பிலிருந்து வந்து ஒருநாள் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். துறைமுகப் பக்கத்து விறாந்தையில் நின்று, வைன் கவுண்டரைக் காட்டி, "இந்தக் கரையிலை எல்லா ஹோட்டலிலையும் இதே போத்தல்தானே இருக்கு. பிறகு எதுக்கு இவ்வளவு இடம்?" என்றார். வேறு எங்கும் கிடைக்காத ஒரு வைன் வரும் சீசனுக்குள் வராவிட்டால் அந்த இடத்தை ஐஸ்கிறீம் கடைக்கு விடுவதாக முடிவு. கவுண்டரில் நானும் இன்னும் இரண்டு பேரும் வேலை செய்தோம். மூன்று பேருடைய பிழைப்பும் அதில்தான் நின்றது.

மனேஜர் முதலாளியோடு கதைத்துப் பிரான்சுக்குப் போய்த் தேட ஒழுங்கு செய்தார். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அனுமதி. என்னைக் கூப்பிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"சேர், இங்கிலீசு தெரிஞ்ச பொடியங்கள் இருக்கிறாங்கள்."

"இங்கிலீசு என்னட்டை இருக்கு, அந்தோனி. நாக்குத்தான் இல்லை."

அது உண்மை. மனேஜர் புரட்டஸ்தாந்துக் குடும்பம். மதுவைத் தொடமாட்டேன் என்று சின்ன வயதில் கோயிலில் கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறவர். வைனைப் பற்றி எல்லாம் படித்திருப்பார், விலை பேசுவார், ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார். "கையெழுத்து நான் போடுறன், குடிக்கிறது நீர்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார். இதையெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும், ஆனா என்னையும் கொஞ்சம் நல்லவனா எழுதும்" என்றார்.

பாரிசில் எங்களைக் கூட்டிப்போக ரவி வந்தான். எங்கள் பக்கத்து ஊர், திரியாய்க்காரன். அங்கே போய் வெகுகாலம். வான் ஓட்டுகிறான், பிரெஞ்சும் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் சாரதியும் அவன்தான், வாயும் அவன்தான். வைனுக்குப் பெயர்போன பர்கண்டிப் பக்கம் போகும் வழியில் வானை ஓரம் கட்டி, மனைவி கட்டித் தந்த பார்சலை விரித்தான். இடியப்பம், சொதி, கட்டைச்சம்பல். ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு முதன்முதல் கண்ட நல்ல சாப்பாடு. சம்பலைக் கொஞ்சம் கூடவே போட்டுச் சாப்பிட்டேன்.

முதல் வைன்காரர் வீட்டில் அதன் பலன் தெரிந்தது. அந்த மனுசன் எத்தனையோ விதமான வைனை ஊற்றி ஊற்றித் தந்தார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே எரிந்தது. மனேஜர் பக்கத்தில் வந்து, "எப்பிடி?" என்று கேட்டார்.

"உறைக்குது சேர்."

"வைன் எப்பிடி அய்யா உறைக்கும்?"

ரவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்று முதல் வைன் பார்க்கிற நாளில் எனக்குச் சம்பலுக்குத் தடை. உங்களுக்கும் அதேதான். காலையில் வெறும் பாணும் வாழைப்பழமும் சாப்பிடுங்கள்.

அடுத்த பிரச்சினை துப்புவது. அங்கே வைனை வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு ஒரு வாளிக்குள் துப்புவார்கள். அதுதான் அந்தத் தொழிலின் ஒழுங்கு. மரியாதைக் குறைவு இல்லை என்று மனேஜர் பலமுறை சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனுசன் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு, தன் கையால் ஊற்றித் தருகிறதை அவர் முகத்துக்கு முன்னாலேயே எப்படித் துப்புவது? விழுங்கினேன். அடுத்த வீட்டிலும் விழுங்கினேன். அதற்கடுத்த வீட்டில் மனேஜர் என்னை உற்றுப் பார்த்தார்.

"அந்தோனி, நீர் சிரிக்கிறீர்."

"இல்லை சேர்."

"உம்மடை கலியாண வீட்டிலையே சிரிக்காத ஆள் நீர். இப்ப சிரிக்கிறீர். துப்பும்."

துப்பப் பழகினேன். வேலைக்குத் தெளிந்த தலை வேண்டும். மற்றவருக்கு மரியாதை செய்கிறேன் என்று தலையைக் கெடுத்துக்கொண்டால் அந்த மரியாதையால் ஒருவருக்கும் பயனில்லை.

இப்படி நாட்கள் போயின. பெரிய இடங்களில் எங்களுக்குத் தர வைன் இருக்கவில்லை. எல்லாம் முன்னமே பேசி முடிந்தது. சின்ன இடங்களில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்த ஒன்றிரண்டு ஏற்கெனவே கொழும்புக்குப் போகின்றன. திரும்புகிற நாள் கிட்ட வந்தது. மனேஜர் வானில் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

கடைசியாக ரவி ஒரு விதவை அம்மாவைப் பற்றிச் சொன்னான். பிரெஞ்சில் எல்லோரும் மதாம் என்றே சொன்னார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். சின்னத் தோட்டம், கணவன் போன பிறகு தனியாக நடத்துகிறார். "ஆனா அவ லேசிலை விக்கமாட்டா, சேர். ஆளைப் பாத்துத்தான் குடுப்பா" என்றான்.

நாங்கள் போனபோது மதாம் றப்பர் சப்பாத்தோடு தோட்டத்தில் நின்று, வெட்டின கொடிகளை இரும்புத் தள்ளுவண்டியில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கை தந்தார். முரட்டுக் கை. நேரே எங்களை நிலத்துக்குக் கீழே இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். படிகளில் இறங்க இறங்கக் குளிர் ஏறியது. சுவரெல்லாம் கரி பூசினது போலக் கறுத்த பூஞ்சணம். காலுக்குக் கீழே பரல் கல். இரண்டு பக்கமும் பீப்பாய்கள். அங்கே வாளி இருக்கவில்லை.

மதாம் ஒரு பீப்பாயின் மூடியைத் திறந்து, நீளமான கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, வைனை உறிஞ்சி எடுத்துத் தன் கிளாசில் விட்டார். வெள்ளை வைன். மணந்தார், ஒரு வாய் எடுத்தார், தலையை ஆட்டினார். பிறகு கிளாசில் மிச்சம் இருந்ததை அப்படியே பீப்பாய்க்குள் திருப்பி ஊற்றினார்.

எனக்குத் திக்கென்றது.

"தம்பி, என்ன இது? எச்சிலெல்லே?" என்று ரவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இங்கை அதுதான் வழக்கம் அண்ணை. வீணாக்கமாட்டினம். நீங்களும் குடிச்சிட்டு மிச்சத்தை உள்ளுக்கை ஊத்துங்கோ."

அடுத்த கிளாஸ் என் கைக்கு வந்துவிட்டது. நான் வாய் வைத்துக் குடித்த மிச்சம் அந்தப் பெரிய பீப்பாய்க்குள் போகப் போகிறது. பிறகு அது போத்தலாகி யார் யாரோ வீட்டுக்குப் போகும். வீட்டில் செம்பில் எப்படித் தண்ணீர் குடிப்போமோ அப்படியே செய்தேன். தலையை அண்ணாந்து, கிளாசை உதட்டில் படாமல் உயரப் பிடித்து, வாய்க்குள் ஊற்றினேன். செம்புக்கு விளிம்பு வெளியே வளைந்திருக்கும், வைன் கிளாசுக்கு இல்லை. பாதி தொண்டைக்குள் போய்ப் புரைக்கேறியது. பாதி சட்டையில் ஊற்றுப்பட்டது. மனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

மதாம் என்னைப் பார்த்து ரவியிடம் ஏதோ கேட்டார். ரவி நீளமாக விளங்கப்படுத்தினான். அவன் வாயைக் காட்டினான், பீப்பாயைக் காட்டினான், என்னைக் காட்டினான். எனக்கு அந்தப் பரல் கல்லுக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது. மதாம் சிரிக்கத் தொடங்கினார். சத்தமான சிரிப்பு, அந்த அறை முழுக்க ஓடியது.

"என்னவாம்?"

"தன்ரை அப்பப்பா காலத்து எச்சிலும் இதுக்கை கிடக்காம், நீங்கள் பயப்பிடத் தேவையில்லையாம்" என்றான் ரவி. "ஆனா தன்ரை பீப்பாய்க்காகச் சட்டையை நனைச்ச ஆளைத் தான் காணேல்லையாம்."

பிறகு மதாம் வேறு கிளாஸ் எடுத்து, கொஞ்சமாக விட்டு, இது திரும்பப் போகத் தேவையில்லை என்று சைகை காட்டித் தந்தார். அதை ஒழுங்காகக் குடித்தேன். கவுண்டருக்கு வருமுன் நான் குசினியில் மீன் வெட்டினவன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். பாரை வெட்டி முடித்து, பலகையைக் கழுவி, தேசிக்காய்ப் பாதியால் தேய்ப்போமே, அப்போது ஈரப் பலகையிலிருந்து ஒரு மணம் எழும்பும். அந்த மணம் அந்த வைனில் இருந்தது. கூடவே வாயின் ஓரத்தில் மெல்லிய உப்பு. எங்கள் நண்டுக்கும் கணவாய்க்கும் பக்கத்தில் வைக்க இதைவிட வேறொன்றைத் தேடத் தேவையில்லை.

மனேஜரைப் பார்த்து, "இதுதான் சேர்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. பல நாட்களுக்குப் பிறகு. உடனே இங்கிலீசிலும் ரவி மூலமும் கதையைத் தொடங்கினார். ஹோட்டல் படங்களைப் போனில் காட்டினார். துறைமுகம், விறாந்தை, மேசைகள். மதாம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, வைன் எங்கே படுக்கும் என்று கேட்டார். அப்படித்தான் கேட்டாராம், பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்பது போல. தனி அறை இருக்கிறது, நாள் முழுக்கக் குளிராக இருக்கும் என்றார் மனேஜர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது அந்த அறைக்கு ஒரேயொரு ஏசிதான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் விருந்தினர் அறைகளுக்கு மட்டும் ஓடும், வைன் அறைக்கு லைன் இல்லை. லைன் இழுத்துத் தருகிறேன், இன்னொரு ஏசியும் போட்டுத் தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். மனேஜர் அதை நம்பியிருந்தார். அவர் மனதில் அந்த அறை ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது.

மதாம் தலையை ஆட்டினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். ரவியிடம் ஒரு கேள்வி கேட்டார். ரவி எனக்குச் சொல்ல முதல் ஒருமுறை மனேஜரைப் பார்த்தான்.

"அந்த அறைக் கதவைத் திறந்து பூட்டுற ஆள் நீங்கள்தானோ எண்டு கேக்கிறா."

"ஓம்."

"மத்தியானம் அதுக்குள்ளை போய் நிண்டா உங்களுக்கு வேர்க்குமோ எண்டு கேக்கிறா."

ஒரு பீப்பாயிலிருந்து எங்கேயோ மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது.

"அண்ணை, இல்லையெண்டு சொல்லுங்கோ. அவவுக்கு என்ன தெரியப்போகுது" என்றான் ரவி, மதாமைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. மனேஜர் ஒரு பீப்பாயில் சோக்கால் எழுதியிருந்ததை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

என் மனதில் என்ன ஓடியது என்று கேட்டால், முதலில் என்னோடு வேலை செய்த அந்த இரண்டு பேர்தான். ஒருத்திக்குக் கலியாணம் பேசியிருந்தது. மற்றவன் தோப்பூரிலிருந்து தினமும் வந்து போகிறவன். அவர்களிடம் என்ன சொல்வது? பிறகு முந்தின வருடம் வெக்கையான கச்சான் காற்று அடித்த மாதங்கள் ஞாபகம் வந்தன. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒருநாள் கதவைத் திறந்தபோது நல்ல போத்தல்களின் தக்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதே பெட்டியில் தக்கை தள்ளாத ஒன்றை, அதுவும் வெக்கையில் கெட்டது தெரியாமல், புதிதாகக் கலியாணம் முடித்து வந்த ஒரு சோடிக்கு ஊற்றினோம். ஒரு வாய் குடித்துவிட்டு இருவரும் ஒன்றும் சொல்லாமல் கிளாசைத் தள்ளி வைத்தார்கள். குறை சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்போம். பேசாமல் எழும்பிப் போனார்கள்.

இந்த வைனும் அந்த அறைக்குத்தான் போகும்.

நான் வாயால் சொன்னால் ரவி அதை எப்படி மாற்றிச் சொல்வானோ தெரியாது. நல்ல பொடியன், எங்களுக்கு உதவத்தான் நினைப்பான். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மதாமைப் பார்த்துக் கையை நெற்றியில் வைத்து வேர்வையை வழித்து உதறுவது போலக் காட்டினேன். சட்டைக் கழுத்தைப் பிடித்து விசிறிக் காட்டினேன். பிறகு மேலே கையை நீட்டி, லைட் அணைவது போல விரல்களை மூடினேன்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மதாம் பீப்பாயின் மூடியை எடுத்துக் கையால் அமத்தி இறுக்கி மூடினார். என் தோளில் ஒருமுறை தட்டினார். தரமாட்டார் என்பது ரவி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

திரும்பும் வழியில் ரவி பாட்டுப் போட்டான், பிறகு தானே நிற்பாட்டினான். பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் மனேஜர் இறங்கி என் பக்கம் வந்தார்.

"நான் பொய் சொல்லேல்லை, அந்தோனி. முதலாளி செய்து தாறன் எண்டவர்."

"ஓம் சேர். நீங்கள் பொய் சொல்லேல்லை."

"அப்ப?"

"அவ கேட்டது இப்ப வேர்க்குமோ எண்டு, சேர். இனி வரப்போற குளிரை நான் எப்பிடிச் சொல்லுறது?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கடைக்குள் போய் இரண்டு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை என் கையில் தந்தார். சீனி போட்டிருக்கவில்லை. இருவரும் நின்று குடித்தோம்.

இதற்குப் பிறகு எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல ஆசை. அப்படி முடியவில்லை. முதலாளியிடம் மனேஜர் போய், "வைன் கிடைச்சுது சேர், வைக்கத்தான் இடமில்லை" என்றார். என் பெயரை எடுக்கவில்லை. அந்தச் சீசனுக்குக் கவுண்டர் பூட்டப்பட்டது. ஐஸ்கிறீம் கடை வந்தது. நான் குசினிக்குத் திரும்பிப்போய் மீன் வெட்டினேன். தோப்பூர்ப் பொடியன் கட்டாருக்குப் போய்விட்டான். கலியாணம் பேசியிருந்தவ வரவேற்பு மேசைக்கு மாறினா. என்னோடு சில மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவவைக் குறை சொல்லமாட்டேன். உண்மை சொன்னது நான். அதன் செலவு மூன்று பேருக்கும் பிரிந்து விழுந்தது. அதை நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் மனேஜர் விடவில்லை. "வைக்கத்தான் இடமில்லை" என்ற அந்த ஒரு வசனத்தை முதலாளியைக் காணும் போதெல்லாம் சொன்னார். அடுத்த சீசனுக்கு முதல் ஜெனரேட்டர் லைன் வந்தது. இரண்டாவது ஏசியும் வந்தது. சுவருக்கு உள்ளே தேர்மோகோல் பலகையும் அடித்தார்கள். மனேஜர் படங்கள் எடுத்து மதாமுக்கு அனுப்பினார். பதில் இல்லை. திரும்பவும் அனுப்பினார். இல்லை.

ஒருநாள் ரவி என்னோடு போனில் வந்தான்.

"அண்ணை, மதாம் பக்கத்திலை நிக்கிறா. படம் எல்லாம் பாத்தவவாம். அண்ணாந்து குடிச்ச ஆள் என்ன சொல்லுறார் எண்டு கேக்கிறா."

எங்களுக்கு மத்தியானத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. "மத்தியானம் எடுக்கச் சொல்லும் தம்பி" என்று வைத்துவிட்டேன். மனேஜரிடம் சொன்னேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகு இருவரும் போய் ஹோட்டலின் மெயின் சுவிச்சை நிற்பாட்டினோம். விருந்தினர் சிலர் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். மனேஜர் போய்ச் சமாதானம் சொன்னார். நான் வைன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். முதலில் இருட்டு. பிறகு ஜெனரேட்டர் பிடித்தது, ஏசி இரண்டும் இரைந்தன. போன் வருமட்டும் உள்ளேயே நின்றேன். கை மயிர் குத்திட்டு நின்றது.

"வேர்க்கேல்லை எண்டு சொல்லும்" என்றேன். "ஜெனரேட்டர் பிடிக்குமட்டும் கொஞ்ச நேரம் ஏசி நிக்கும், அதையும் சொல்லும்."

ரவி சொன்னான். அந்தப் பக்கம் மதாம் ஏதோ சொல்வது கேட்டது.

"மாரி தொடங்கி வெக்கை தணிஞ்ச பிறகு கப்பலிலை ஏத்துவாவாம். வேறை ஒண்டும் கேக்கேல்லை அண்ணை."

அந்த வைன்தான் இப்போது நீங்கள் நண்டோடு ஊற்றுகிற வெள்ளை வைன். கவுண்டரும் பழைய இடத்துக்கே வந்தது. ஒவ்வொரு வருடமும் பெட்டி ஏற்ற முதல் மதாம் ரவியை வைத்து ஒருமுறை போன் எடுப்பார். அதே கேள்விதான். மத்தியானத்தில்தான் எடுப்பார், எங்கள் மத்தியானம் என்று கணக்குப் பார்த்து. மனேஜரிடம் கேட்பதில்லை. கதவைத் திறந்து பூட்டுகிற ஆளிடம்தான் கேட்பார்.

இந்த வருடமும் எடுப்பார். இந்த முறை அந்த அறைக் கதவின் திறப்பு உங்களிடம் இருக்கிறது. அவர் என்மேல் வைத்த நம்பிக்கை எனக்கு மட்டும்தான். அதை உங்களிடம் திறப்போடு சேர்த்துத் தர ஏலாது. உங்கள் குரலை அவர் இன்னும் கேட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்த பிறகு அந்த அறைக்குள் ஒருமுறை போய் நின்றேன். இடது பக்கத்து ஏசி இடையிடையே இருமுகிறது, குளிரும் முந்திப்போல இல்லை. மனேஜரிடம் சொல்லியிருக்கிறேன், திருத்த ஆள் வரும் என்கிறார். போன் வருவதற்கு முதல் திருத்தினால் நல்லது. திருத்தாவிட்டால், உங்களில் யார் போனை எடுத்தாலும், அது இருமுகிறதையும் சொல்லுங்கள்.